இல்லாத கிணறு

மாணவியின் கையில் ஒரு சிறு கணினி. திரையில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. வளாக வரைபடம், அவர் நடக்க நடக்க, அவர் இருக்குமிடம் காட்டும் புள்ளியும் நகர்கிறது. காலடியில் வெறும் புல்தரைதான். ஆனால் திரையில் அங்கே ஓர் ஆழ்துளைக் கிணறு தோண்டலாம். சற்றுப் பொறுத்தால், நிலத்தடி நீரில் நஞ்சு எவ்வளவு என்ற கணக்கு வந்துவிடும்.

எரிக் க்ளோப்ஃபர், கர்ட் ஸ்கொயர் இருவரும் 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘என்விரான்மென்டல் டிடெக்டிவ்ஸ்’ விளையாட்டு இது. மிகை மெய்ம்மை (Augmented Reality) வகையைச் சேர்ந்தது. அந்தப் பெயரைக் கேட்டதும் புத்தகத்திலிருந்து எழும்பும் டைனோசர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இதில் அப்படி எந்த முப்பரிமாண வித்தையும் கிடையாது. ஜி.பி.எஸ். இடத்தைச் சொல்கிறது, அந்த இடத்துக்குரிய கற்பனைத் தரவைக் கணினி தருகிறது. அவ்வளவே.

விளையாட்டின் கதைப்படி, வளாகத்தில் கசிந்த நஞ்சு ட்ரைக்குளோரோஎத்திலீன். இயந்திர பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கப் பயன்பட்ட திரவம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தி என்பதால், மிதக்காமல் கீழே இறங்கி நிலத்தடி நீரில் கலக்கும். கற்பனைதான் என்றாலும் ஆதாரமற்ற கற்பனை இல்லை. எம்.ஐ.டி. இருக்கும் அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வோபர்ன் நகரில், இந்த நஞ்சு கலந்திருந்ததால் 1979-இல் குடிநீர்க் கிணறுகள் இரண்டை மூடினார்கள்.

இந்த விளையாட்டின் உயிர் அதன் கட்டுப்பாடுகளில் இருக்கிறது. நேரம் குறைவு, நினைத்த இடமெல்லாம் தோண்டிக்கொண்டிருக்க முடியாது. கசிவு எங்கே தொடங்கியது, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று ஊகித்துத்தான் அடுத்த கிணற்றுக்கு இடம் பார்க்க வேண்டும். நடுவே, திரையில் வரும் நிபுணர்களிடமும் விசாரிக்கலாம். சில மாணவர் குழுக்கள் அளவுகளைக் குவிப்பதிலேயே குறியாக இருந்துவிட்டன. எண்கள் கைநிறைய, அவை என்ன சொல்கின்றன என்பதோ தெரியவில்லை. ஆய்வகத்தில் பெரியவர்களுக்கும் நேரும் தவறு இது. பள்ளி வயதிலேயே அதை நடந்து பார்த்து உணர்வது பெரிய பேறு.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ‘எக்கோமொபைல்’ திட்டம் இன்னும் ஒரு படி போனது. கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள பிளாக்ஸ் நூக் குளத்தங்கரையில், கார்பன் அணு ஒன்று காற்றிலிருந்து இலைக்குள் நுழைவதைக் குழந்தைகள் கைபேசித் திரையில் பின்தொடர்ந்தார்கள். ஆனால் நீரில் கரைந்த ஆக்சிஜனைத் திரை சொல்லவில்லை. அதற்கு அளவுமானியை உண்மையான குளத்துத் தண்ணீரில்தான் அமிழ்த்த வேண்டியிருந்தது.