காற்று சுமக்கும் டிரெய்லர்!

தம்பி, தங்கைகளே! மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் திருநெல்வேலி போகும் நான்குவழிச் சாலையில், காற்றாலை இறக்கையைச் சுமந்து செல்லும் நீளமான டிரெய்லரைப் பார்த்திருக்கிறீர்களா? மக்காச்சோள மூட்டை ஏற்றிய டிராக்டர் டிரெய்லரை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு எடையையும் சுமப்பது எது?

டயர் என்கிறீர்களா? பாதிதான் சரி. உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான் சுமக்கிறது! அந்தக் காற்றை இறுக்கிப் பிடித்திருக்கும் பைதான் டயர். 1888-ல் இதற்குக் காப்புரிமை பெற்ற ஜான் டன்லப், ஒரு கால்நடை மருத்துவர். மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடத்தான் காற்றடைத்த ரப்பர் குழாயைச் சக்கரத்தில் சுற்றிப் பார்த்தார்.

ஒரு சின்னக் கணக்கு

"அண்ணாச்சி, 100 பவுண்டு வைங்க" என்று பங்க்சர் கடையில் கேட்பார்கள். அப்படியென்றால், டயருக்குள் ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் காற்று சுமார் 45 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது என்று பொருள். ஒரு சக்கரத்தின் மேல் 1,350 கிலோ எடை இருந்தால், தரையில் பதியும் டயர்ப் பகுதி சுமார் 30 சதுர அங்குலம். காற்றை 50 பவுண்டாகக் குறைத்தால்? 60 சதுர அங்குலம் பதிய வேண்டும். அதனால்தான் டயர் நசுங்கிப் பிதுங்குகிறது.

வெயிலுக்குக் காற்றைக் குறைக்கலாமா?

"வெயிலுக்கு டயர் வெடிச்சிடும், காத்தைக் குறை" என்று சிலர் சொல்வதுண்டு. இது தவறு! ஒரு மெல்லிய கம்பியை ஒரே இடத்தில் பத்து முறை மாற்றி மாற்றி வளைத்துவிட்டு, லேசாகத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்று குறைந்த டயரும் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து நிமிர்கிறது. சூடேறி, உள்ளிருக்கும் அடுக்குகள் பிரிந்து, கடைசியில் வெடிக்கிறது.

ஓடிவந்த டயரில் அழுத்தம் சில பவுண்டு கூடியிருப்பது இயல்பு. தயாரிப்பாளர் சொல்லும் அளவு, குளிர்ந்த டயருக்கானது. எனவே காலையில் வண்டி புறப்படும் முன்பே அளக்க வேண்டும். சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது. அளவுக்கு மேல் அடிப்பதும் தப்பு. டயரின் நடுப்பகுதி சீக்கிரம் தேயும், கல் குத்தினால் எளிதில் கிழியும்.

முன்சக்கரத்தில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் இழுக்கும், டிரைவருக்குத் தெரிந்துவிடும். பின்னால் வரும் டிரெய்லர் டயர் இறங்கினால் தெரியாது. இரட்டைச் சக்கரத்தில் ஒன்று இறங்கினால், பக்கத்து டயர் இரண்டு பங்கு சுமையையும் தாங்கித் தவிக்கும். அதனால்தான் வண்டி நின்றதும் கிளீனர் அண்ணன் கம்பியால் டயர்களைத் தட்டிப் பார்க்கிறார். ஆனால் 20 பவுண்டு குறைந்திருப்பதைச் சத்தம் காட்டிக்கொடுக்காது. கேஜ் வைத்து அளப்பதே சரி.

எந்த டயர் வாங்குவது?

டிராக்டரின் பின் டயரில் சாய்வான பெரிய கட்டைகள் இருக்கும். அவை மண்ணைப் பிடித்து வண்டியை உந்துகின்றன. டிரெய்லர் டயருக்கு உந்தும் வேலை இல்லை; சுமந்து உருண்டால் போதும். அதனால் பெரும்பாலும் சுற்றிலும் வரிவரியாகக் கோடுகள்தான். ஐப்பசி மழையில் கரிசல் மண் ஊறிக் களியாகிவிடும். ஒடுக்கமான டயர் புதையும். அகலமான டயர் எடையைப் பரப்பிப் புதையாமல் காக்கும்.

டயரின் பக்கவாட்டில் 9.00-20 என்று இருந்தால், அகலம் 9 அங்குலம், உள்ளே பொருந்தும் ரிம்மின் விட்டம் 20 அங்குலம். பல டயர்களில் சுமைக் குறியீட்டு எண்ணும் இருக்கும். 140 என்றால் அந்த ஒரு டயர் 2,500 கிலோ தாங்கும். 150 என்றால் 3,350 கிலோ. நான்கு சக்கர டிரெய்லர் சரக்கோடு 8,000 கிலோ என்றால், ஒரு டயருக்கு 2,000 கிலோ. மூட்டை ஒரு பக்கம் சாய்ந்தால் இன்னும் கூடும். ஆகவே 2,000-க்கு மேல் தாங்கும் டயரே வேண்டும்.

நீங்களே கண்டுபிடியுங்கள்

நிறுத்தி வைத்திருக்கும் வண்டியின் டயரைப் பெரியவர்களோடு போய்ப் பாருங்கள். ஒரு நீள்வட்டத்துக்குள் 1224 என்பது போல நான்கு இலக்கம் இருக்கும். அது 2024-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரத்தில் தயாரான டயர். ஒரு எச்சரிக்கை: பெரிய டயருக்குக் காற்றடிக்கும்போது பக்கத்தில் நிற்காதீர்கள்!

வீட்டில் டிராக்டர் இருந்தால், நாளைக் காலையில் அப்பாவிடம் கேளுங்கள்: "அப்பா, டிரெய்லருக்குக் காத்து அளந்தாச்சா?"