தென்பெண்ணை ஏன் சீறியது?

ஒரே நாள் மழை! அரூரில் 33 சென்டி மீட்டர். பக்கத்து ஊத்தங்கரையில் 50 சென்டி மீட்டர். 2024 டிசம்பர் 2-ந் தேதி காலையில் எடுத்த கணக்கு இது. தர்மபுரி பக்கம் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரூரில் ஒரே நாளில் கொட்டிவிட்டது.

ஊத்தங்கரையில் நிறுத்தி வைத்திருந்த வேன்களும் கார்களும் காகிதக் கப்பல் போல அடித்துச் செல்லப்பட்டன. சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர் பக்கம் தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின.

மழையைக் கொண்டு வந்தது "பெஞ்சல்" புயல். ஆனால், பெய்த மழை எவ்வளவு வேகமாக ஆற்றுக்கு வந்து சேருகிறது என்பதில் மனிதனுக்கும் பங்கு உண்டு. அது பழைய கதை.

ஏரிச் சங்கிலி

தர்மபுரி மேட்டுப் பூமி. மழைத் தண்ணீர் நிற்காது, ஓடிவிடும். அதனால் முன்னோர்கள் சரிவுக்குக் குறுக்கே கரை போட்டு ஏரி அமைத்தார்கள். மேல் ஏரி நிறைந்தால், கலிங்கு வழியாகத் தண்ணீர் கீழ் ஏரிக்குப் போகும். கடைசி ஏரியும் நிறைந்த பிறகே மிச்சம் ஆற்றுக்கு! பயிருக்காகச் செய்த வேலைதான். வெள்ளத்தின் வேகமும் அதனால் குறைந்தது. (50 சென்டி மீட்டர் மழையை எந்த ஏரியும் முழுதாகத் தாங்காது என்பதும் உண்மை.)

கோடையில் ஏரி வற்றும். உழவர்கள் வண்டி கட்டிக்கொண்டு போய் வண்டல் அள்ளுவார்கள். வயலுக்கு உரம், ஏரிக்கு ஆழம்! ஊர் கூடிக் கரையையும் வாய்க்காலையும் செப்பனிடுவார்கள். இதற்குக் "குடிமராமத்து" என்று பெயர்.

வரி வந்தது

1792-ல் திப்பு சுல்தானிடம் இருந்து பாரமகால் சீமை கும்பினியின் கைக்கு மாறியது. தர்மபுரியும் அதில் அடக்கம். கேப்டன் ரீடும், பின்னாளில் சென்னை கவர்னரான மன்றோவும் இங்கேதான் ரயத்துவாரி முறைக்கு வித்திட்டார்கள். ஒவ்வொரு உழவரும் தன் நிலத்துக்கான வரியைத் தாமே சர்க்காருக்குக் கட்டவேண்டும் என்பது அந்த முறை.

நிலம் அவரவருக்கு. ஏரி யாருக்கு? பொதுவேலையில் ஊக்கம் குறைந்ததற்கு இந்த மாறுதலும் ஒரு காரணம் என்று சரித்திர ஆசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். 1858-ல், ஏரி வேலைக்கு ஆட்களைக் கட்டாயப்படுத்தச் சென்னை மாகாணத்தில் சட்டமே போடவேண்டி வந்தது!

பிறகு கிணற்றுக்கு மின்சார பம்பு வந்தது. மூட்டையில் உரம் வந்தது. வண்டலை யார் தேடிப் போவார்கள்? மேட்டில் காடு குறைந்து, சரிவு நிலமும் உழவுக்கு வந்தது. மழையில் கரைந்த மண் ஏரியில் படிந்தது. ஏரி தட்டு ஆகிவிட்டது.

சீனாவின் மஞ்சள் ஆறும் இப்படித்தான். மேட்டு நிலத்தை உழ உழ, மண் ஆற்றில் சேர்ந்தது. ஆற்றின் அடித்தளம் உயர்ந்தது. கரையையும் உயர்த்தினார்கள். இன்று கைபெங் நகரத்தைவிட ஆறு உயரத்தில் ஓடுகிறது! 1887-ல் கரை உடைந்தபோது பல லட்சம் பேர் மாண்டார்கள்.

தமிழக அரசு 2017-ல் குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது. ஏரி ஆழமானால் சரி; உபரி நீர் போகும் ஓடையில் வீடு இருந்தால்? ஓடைகள் கிராம வரைபடத்தில் புறம்போக்கு என்று குறிக்கப்பட்டிருக்கும். மனை வாங்குகிறவர்கள், கிராம நிர்வாக அதிகாரியிடம் அந்தப் படத்தை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.