திரையில் சிறார் துயர், தளத்தில் சிறார் உழைப்பு: சென்னையின் மேற்குப் புறநகரை முன்வைத்து

முன்னுரை

மனிதநேயத்தைப் பேசும் தமிழ்த் திரைப்படங்களுள் சிறாரை மையமாகக் கொண்டவை ஒரு தனி வகையாக வளர்ந்துள்ளன. இவற்றைக் கதை, நடிப்பு, பெற்ற விருது ஆகியவற்றின் வழி மதிப்பிடுவது பெருவழக்கு. அப்படங்களில் நடிக்கும் சிறாரும் உழைப்பவரே என்னும் நோக்கு அவ்வளவாக வலுப்பெறவில்லை. சிறார் நலம், கலைஞர் வாழ்வு என இரு பொருளாகப் பிரித்துப் பேசப்படுபவை குழந்தைக் கலைஞரிடம் ஒன்றாகக் கூடுகின்றன. அக்கூடலைச் சட்டம் எவ்வாறு காண்கிறது என்பதை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திரை காட்டிய சிறார்

ஜானகி விஸ்வநாதன் இயக்கிய 'குட்டி' (2001) எழுத்தாளர் சிவசங்கரியின் கதையைத் தழுவியது. தந்தையை இழந்த சிற்றூர்ச் சிறுமி நகரத்து வீடொன்றில் வேலைக்கு அமர்த்தப்படுவதும், அங்கு அவள் படும் துன்பமும் அதன் பொருள். இப்படம் வெளிவந்த காலத்தில் வீட்டுவேலை, சிறாருக்குத் தடை செய்யப்பட்ட தொழில்களின் பட்டியலில் இல்லை. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அத்தடை 2006 அக்டோபர் 10 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் குற்றமெனக் கொள்ளாத ஒன்றை, ஐந்தாண்டுகளுக்கு முன்பே அறக்கேடு எனக் காட்டியது இப்படத்தின் சமூக மதிப்பு. அச்சிறுமியாக நடித்தவர் சிறந்த குழந்தைக் கலைஞருக்கான தேசிய விருதைப் பெற்றார்.

மணிகண்டன் இயக்கிய 'காக்கா முட்டை' (2015) கூவங்கரைக் குடிசைப் பகுதியில் வாழும் இரு சிறுவரின் கதை. இருப்புப்பாதையோரம் சிந்திய நிலக்கரியைப் பொறுக்கி விற்று வீட்டுக்குப் பணம் தரும் அவர்கள், பீட்சா உண்ண விரும்புகின்றனர். சிறாரின் உழைப்பை அழுகையாக அன்றி அன்றாட நடப்பாகக் காட்டியமையே இப்படத்தின் தனித்தன்மை. சிறந்த குழந்தைகள் திரைப்படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. சிறுவர் இருவரும் குழந்தைக் கலைஞர் விருதைப் பெற்றனர். படம் காட்டும் கூவம், நகருக்குள் நுழையுமுன் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஓடி வரும் ஆறு என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

விலக்கும் காப்பும்

2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், 14 வயது நிறைவடையாதோரை எத்தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்றது. ஆனால் இரண்டு விலக்குகளை அளித்தது. ஒன்று, பள்ளி நேரம் போக எஞ்சிய நேரத்திலும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவுதல். மற்றொன்று, திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், விளம்பரம் ஆகியவற்றில் கலைஞராகப் பணிபுரிதல். சர்க்கசுக்கு இவ்விலக்கு இல்லை. ஆகவே, வீட்டுவேலை செய்யும் சிறுமியாக நடிப்பது சட்டப்படி இயலும். வீட்டுவேலைக்கு அமர்த்துவது குற்றமாகும்.

இவ்விலக்கு கட்டற்றதன்று. 2017ஆம் ஆண்டு விதிகள் அதற்கு எல்லை வகுக்கின்றன. குழந்தையை நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேலும் பணிபுரியச் செய்யலாகாது. தொடர்ச்சியாக 27 நாள்களுக்கு மேல் பணி கூடாது. கல்வி தடைப்படக் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒருவரேனும் பொறுப்பாளராக இருத்தல் வேண்டும். வருவாயில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் நாட்டுடைமை வங்கியில் வைப்புத் தொகையாகச் செலுத்தப்பட வேண்டும். விருப்பத்துக்கு மாறாகப் பங்கேற்கச் செய்தலும் தடுக்கப்பட்டுள்ளது.

புறநகரின் இயல்பு

படப்பிடிப்பு நடைபெறும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன்அனுமதி பெறுதலும் விதியாகும். மேற்குப் புறநகரில் இது தனிக் கவனத்துக்குரியது. 2018இல் சென்னை மாவட்ட எல்லை விரிவுபடுத்தப்பட்டபோது அம்பத்தூர் சென்னையுடன் சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே நிற்கின்றன. காலையில் அம்பத்தூர்த் தெருவிலும் மாலையில் பூந்தமல்லி அரங்கிலும் நடிக்கும் குழந்தை ஒரே நாளில் இரு மாவட்டங்களில் உழைக்கிறது. விதியின் சொற்படி இரு ஆட்சியர்களின் அனுமதி தேவை. 5 மணி நேர வரம்போ இரண்டு இடங்களுக்கும் சேர்த்தே கணக்கிடப்பட வேண்டியது.

தளத்தின் பாதுகாப்பும் எளிய செய்தியன்று. 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லியை அடுத்த படப்பிடிப்பு வளாகத்தில் 'இந்தியன் 2' படப்பணியின்போது கிரேன் சரிந்து மூவர் உயிரிழந்தனர். வளர்ந்தோருக்கே இடர் நிறைந்த தளத்தில் குழந்தைக்கெனப் பொறுப்பாளர் ஒருவரை விதி கேட்பதன் காரணம் இதனால் விளங்கும்.

எஞ்சும் இடைவெளி

விதிகள் வருவாயில் 20 விழுக்காட்டைக் காக்கின்றன. எஞ்சிய பகுதி குறித்து எதுவும் கூறவில்லை. 14 வயது நிறைந்தவுடன் இக்காப்புகள் நீங்குகின்றன. ஆனால் அவர் 18 வயதுவரை சிறாரே. புகழ் தணிந்தபின் பள்ளிக்குத் திரும்பும் குழந்தையின் மனநிலையை எவ்விதியாலும் அளந்துவிட இயலாது.

முடிவுரை

சிறார் நலம் பேசும் படத்தை மதிப்பிட இரு அளவுகோல்கள் வேண்டும். திரையில் அது எத்துயரைக் காட்டியது என்பது ஒன்று. அதைக் காட்டுவதற்காகத் தளத்தில் நின்ற குழந்தை எத்தனை மணி நேரம் நின்றது, எப்போது பள்ளிக்குச் சென்றது, ஈட்டியது யார் கையில் சேர்ந்தது என்பது மற்றொன்று. முதலாவதற்குப் படமே சான்று. இரண்டாவதற்குச் சான்று மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கோப்புகளிலும் வங்கிக் கணக்குகளிலும் உள்ளது. திரைப்பட ஆய்வு அவ்விடங்களுக்கும் செல்லும்போதுதான் குழந்தைக் கலைஞரின் வாழ்வு முழுமையாகப் புலப்படும்.