புலமைப்பரிசிலுக்கு எந்தப் புத்தகம்?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியதும், இடம்பெயர்ந்த பெற்றோர் பலர் கூலிக் காசில் கட்டுக்கட்டாக மாதிரி வினாத்தாள்களை வாங்குவதை நாம் காண்கிறோம். அந்தக் காசை விதைநெல்லைப் போல எண்ணித்தான் செலவிட வேண்டும்.

முதலில் வேண்டியது அரசின் பாடநூல். 1980 முதல் அது இலவசம். இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் அதிபரிடம் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். அடுத்தது கடந்தகால வினாத்தாள்கள். முதலாம் பத்திரத்தின் 40 வினாக்களும் சிந்தனைத் திறனைச் சோதிப்பவை. மனனம் அங்கே உதவாது.

கடையில் ஒரு நூலை எடுத்தால் பிள்ளையிடமே கொடுத்து ஒரு பக்கத்தை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு சொற்களில் தடக்கினால் அது இப்போதைக்குக் கடினம். மாதக்கணக்கில் பாடசாலை தவறிய பிள்ளை தரம் 3 நூலிலிருந்து தொடங்கலாம், அதற்காக ஏசாதீர்கள். இந்தியாவில் அச்சான பொது அறிவு நூல்களில் 'மாவட்ட ஆட்சியர்' வருவார்; எமது பிள்ளை படிக்க வேண்டியவர் மாவட்டச் செயலாளர்.

கணக்குக்குத் தனிநூல் எதற்கு? ஏக்கருக்கு இரண்டு புசல் விதைத்தால் இரண்டரை ஏக்கருக்கு எவ்வளவு என்று தகப்பனே கேட்கலாமே.

சித்தியடையாத பிள்ளையும் தரம் 6இல் படிக்கத்தான் போகிறது. ஆகவே மிஞ்சும் காசில் கதைப்புத்தகம் ஒன்று வாங்குங்கள். இரண்டாம் பத்திரத்தில் பந்தியை வாசித்து விளங்கி விடை எழுதவும் அது கைகொடுக்கும். நாலு வீட்டார் ஆளுக்கொன்று வாங்கினால், கிழமைக்கொரு தடவை மாற்றிக்கொள்ளலாம்.