தம்பதிகளின் உலகப் பயணம்

உலகத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட வேண்டும் என்னும் ஆசை பலர் உள்ளத்தில் எழுவதுண்டு. தனியே புறப்படுகின்றவர் தம் மனத்தை மட்டும் கேட்டாற் போதும். கணவனும் மனைவியுமாகச் செல்ல எண்ணுவோருக்கு இரு மனங்களின் இசைவு வேண்டும். இருவரின் உடல்நலமும், கையிலுள்ள பொருளும், பொறுமையும் ஒரே கணக்கில் வைத்து எண்ணப்படல் வேண்டும். இத்தகைய நெடும்பயணத்துக்கு ஆயத்தம் செய்வது எவ்வாறு என்பதை, 1952 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து ஒரு சிறு பாய்க்கப்பலிற் புறப்பட்ட தம்பதிகளின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு நேயர்களுக்கு விளக்க விரும்புகின்றேன்.

எரிக் ஹிஸ்கொக், சூசன் ஹிஸ்கொக் என்பன அவர்கள் பெயர்கள். எரிக் கண்பார்வை குன்றியவர். எழுத்தும் புகைப்படமுமே அவருடைய சீவனோபாயம். 1941 இல் மணம்புரிந்த இவர்கள், எடுத்த எடுப்பிலேயே உலகைச் சுற்றப் புறப்பட்டாரல்லர். தம்மிடமிருந்த சிறிய படகிலே 1950 இல் அசோர்ஸ் தீவுகள்வரை சென்று மீண்டனர். பின்னரே ‘வண்டரர் 3’ என்னும் புதிய கலத்தைக் கட்டுவித்தனர். அதன் நீளம் ஏறக்குறைய 30 அடி. அகலமோ 9 அடிக்கும் குறைவு. சமையலும் உறக்கமும், வாசிப்பும் எழுத்தும் மூன்று ஆண்டுகளாக அதற்குள்ளேயே நிகழ வேண்டியிருந்தன.

மூன்று ஆண்டுகள் எதற்கு என்று நேயர்கள் வினவலாம். அதற்குரிய விடையைக் காற்றே கூறுகின்றது. பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும், கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வியாபாரக் காற்றுக்கள் ஓயாது வீசுகின்றன. அவற்றை முதுகிலே தாங்கி மேற்குத் திசையாகச் செல்வதே பாய்க்கப்பலுக்கு எளிய வழி. ஆயினும் அவ்வழியிற் சூறாவளிக் காலங்கள் குறுக்கிடுகின்றன. வட அத்திலாந்திக்கில் ஆனி முதற் கார்த்திகை வரையும், தென் பசிபிக்கிலும் தென் இந்து சமுத்திரத்திலும் கார்த்திகை முதற் சித்திரை வரையும் சூறாவளிக்கு அஞ்சவேண்டும். ஆகவே அத்திலாந்திக்கைக் கார்த்திகைக்குப் பின் கடந்து, பனாமாக் கால்வாய் வழியே பசிபிக்கிற் புகுந்து, அடுத்த சூறாவளிக் காலத்தை நியூசிலாந்திலே கழித்து, பின்னர் அவுஸ்திரேலியாவின் வடக்கேயுள்ள தொறஸ் நீரிணையைத் தாண்டி இந்து சமுத்திரத்தைக் கடந்து, தென்னாபிரிக்க முனையைக் கோடைகாலத்திற் சுற்றி வருதல் வேண்டும். இவ்வாறு நாட்காட்டியும் உலகப் படமும் ஒருங்கே வைத்துப் பார்க்கப்படும்போது பயணத்தின் காலம் தானாகவே வரையறுக்கப்பட்டுவிடுகின்றது. வாடைக்கும் சோழகத்துக்கும் ஏற்பப் பாயெடுத்த எங்கள் வல்வெட்டித்துறை மாலுமிகளுக்கு இது புதிய பாடமன்று. அவ்வூரிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தமையை நாம் அறிவோம்.

அடுத்ததாகக் கணக்கிடப்பட வேண்டியது குடிநீர். இத்துணைச் சிறிய கலம் ஒரு நாளிலே ஏறக்குறைய 100 கடல் மைல் செல்லும். கலாபகொஸ் தீவுகளிலிருந்து மார்க்கேசஸ் தீவுகளுக்கு 3,000 மைல். அதாவது 30 நாட்கள். ஆளொன்றுக்கு நாளுக்கு அரைக் கலன் என்று கொண்டால், இருவருக்கும் 30 கலன் வேண்டும். காற்று வீழ்ந்து கலம் அசையாது நிற்குமோ என்னும் அச்சத்துக்காக மேலும் 15 கலன் சேர்த்தல் அறிவுடைமை. ஒரு கலன் நீரின் நிறை 10 றாத்தல். எனவே நீர்மட்டுமே 450 றாத்தலாகிவிடும். உணவும் பாயும் கயிறும் நங்கூரமும் இதற்கு மேலே. நீருக்கு இடங்கொடுத்தால் நூல்களுக்கு இடமில்லை. நூல்களுக்கு இடங்கொடுத்தால் உடைக்கு இடமில்லை. எதனை விட்டுச் செல்வது என்று கரையிலேயே இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளாவிடின், அப்பேச்சு நடுக்கடலிலே சச்சரவாக முளைக்கும்.

இருவரே உள்ள கலத்திற் சுக்கானைப் பிடிப்பவர் யார்? இரவும் பகலும் ஒருவர் மாறி ஒருவர் பிடித்தால் சில நாட்களில் இருவரும் சோர்ந்துவிடுவர். இதற்கொரு நல்ல உபாயம் உண்டு. காற்றுப் பின்னாலிருந்து வீசும்போது, முன்புறத்திலே இரண்டு பாய்களை வலமும் இடமுமாக விரித்து, அவற்றின் கயிறுகளைச் சுக்கான்பிடியிற் பிணைத்துவிடுவர். கலம் ஒரு பக்கம் திரும்பினால் ஒரு பாயின் இழுவை மிகும். அவ்விழுவை சுக்கானை அசைத்துக் கலத்தை மீண்டும் நேர்வழிக்குக் கொணரும். ஹிஸ்கொக் தம்பதிகள் இம்முறையைக் கையாண்டனர்.

நடுக்கடலில் தாம் நிற்கும் இடத்தை அறிவது இன்று செய்மதிகளின் உதவியால் நொடிப்பொழுதிற் கைகூடுகின்றது. அக்காலத்திலோ சூரியனின் உயரத்தைக் கோணமானியால் அளந்து, மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்கிடல் வேண்டும். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கின்றது. ஆதலின் மணிக்கூடு 4 செக்கன் பிழைத்தால், பூமத்திய ரேகையிலே கலத்தின் இடம் ஒரு கடல் மைல் பிழைத்துவிடும். ஒரு நிமிடம் பிழைத்தால் 15 மைல்; இரவிலே ஒரு பவளப்பாறையில் மோதி மாள்வதற்கு அது போதும். வானொலி ஒலிபரப்பும் நேரக்குறிப்பொலி நமக்குக் கைக்கடிகாரத்தைத் திருத்த உதவுகின்றது. அவர்களுக்கு அவ்வொலி உயிர்காக்கும் பொருளாயிருந்தது.

இவற்றினும் முக்கியமான ஆயத்தம் ஒன்றுண்டு. ஒருவர் வீழ்ந்தால் மற்றவர் கலத்தைக் கரைசேர்க்க வல்லவராக இருத்தல் வேண்டும். கணவன் மாலுமி, மனைவி பிரயாணி என்ற நிலையிலே புறப்படுவது இருவருக்கும் ஆபத்தாகும். இதனை வேறொரு தம்பதிகளின் அனுபவம் தெளிவாக்குகின்றது.

மைல்ஸ் சிமீற்றன், பெரில் சிமீற்றன் ஆகிய இருவரும் ஐம்பது வயதை எட்டியவர்கள். 1957 மாசியிலே, ‘சூ ஹாங்’ என்னும் தம் பாய்க்கப்பலில், ஜோன் குஸ்வெல் என்னும் நண்பருடன் மெல்போணிலிருந்து கேப் ஹோர்ண் முனையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தனர். பெரில் சுக்கான் பிடித்திருந்த வேளையில், மலைபோன்ற அலையொன்று கலத்தின் பின்புறத்தைத் தூக்கி முன்புறத்தின் மேலாகக் கவிழ்த்துவிட்டது. பாய்மரங்கள் இரண்டும் முறிந்தன. பெரிலைக் கலத்துடன் பிணைத்திருந்த கயிறு அறுந்தது. அவர் கடலில் வீசப்பட்டார். காயமுற்றிருந்தும் அவர் முறிந்த மரத்தை நோக்கி நீந்தி வந்தார். மற்றவர்கள் அவரைத் தூக்கியெடுத்தனர். மூவரும் வாளிகளால் நீரை இறைத்து, உடைந்த பலகைகளைக்கொண்டு துவாரங்களை அடைத்து, பல வாரங்களின் பின் சிலி நாட்டுக் கரையை அடைந்தனர். அங்கு கலத்தைச் செப்பனிட்டுக் கணவனும் மனைவியும் மட்டுமே மீண்டும் புறப்பட்டபோது, அதே ஆண்டு மார்கழியில் இன்னோர் அலை அவர்களைப் புரட்டியது. அப்பொழுதும் உயிர்தப்பினர். 1968 இலேயே அம்முனையை வெற்றியுடன் கடந்தனர்.

இது துணிவா, மூர்க்கமா என்று கேட்போர் இருப்பர். அவ்வினாவுக்கு வெளியிலிருக்கும் நாம் விடைகூறுதல் எளிதன்று. ஆனால் ஒன்று தெளிவு. இரண்டாம் முறை அக்கடலில் இறங்குமாறு அவர்களுள் ஒருவர் மற்றவரை வற்புறுத்தியிருந்தால், அது கொடுமையாகியிருக்கும். இருவரும் ஆபத்தை அறிந்து, மனமொத்துத் தெரிந்த வழியாதலின் அவர்களை நாம் மதிக்கின்றோம். பயண ஆயத்தத்தின் உயிர்நிலை இதுவே. ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை இருவருக்கும் இருத்தல் வேண்டும். அச்சொல்லைக் கேட்டுத் துறைமுகத்துக்குத் திரும்பும் பெருந்தன்மையும் இருவருக்கும் வேண்டும்.

ஹிஸ்கொக் தம்பதிகள் 30,000 மைலுக்கு மேற்பட்ட கடலைக் கடந்து, 1955 ஆடியிலே தாய்நாடு திரும்பினர். அமெரிக்கப் படகோட்டிகளின் கழகமொன்று அவ்வாண்டுக்குரிய நீலக்கடற் பதக்கத்தை அவர்கள் இருவர் பெயரிலும் வழங்கிற்று. 1959 இல் அதே கலத்தில் மறுமுறையும் உலகைச் சுற்றப் புறப்பட்டு, அதனையும் இனிது முடித்தனர்.

நம்மிற் பெரும்பாலோர் பாய்க்கப்பலில் ஏறப்போவதில்லை. ஓய்வுபெற்றபின் புகைவண்டியிலோ விமானத்திலோ சில நாடுகளைக் காண விரும்பும் தம்பதிகளுக்கும் இம்முறையே பொருந்தும். முதலிற் குறுகிய பயணமொன்று செய்து ஒருவர் மற்றவரின் இயல்பை அறிக. பருவகாலத்தை அறிந்து வழியை வகுக்க. செலவைக் கணக்கிட்டு, எதிர்பாராத தாமதத்துக்கு அதில் அரைப்பங்கு மேலும் ஒதுக்குக. கடவுச்சீட்டும் பணமும் மருந்தும் இருக்கும் இடத்தை இருவரும் அறிந்திருக்க. எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஒரு மாலைப்பொழுதில் உலகப் படத்தை விரித்துவைத்து, எங்கே செல்ல ஆசை என்று கணவன் மனைவியைக் கேட்கட்டும். மனைவியும் கணவனைக் கேட்கட்டும். பல ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோருக்கும் அவ்விடை வியப்பைத் தரக்கூடும்.