பூட்டிய காரும் தொலைந்த சாவியும்

சித்திரை மாதத்து நண்பகல். பெரம்பலூரிலிருந்து ஒரு குடும்பம், பழைய அம்பாசிடர் கார் ஒன்றில், அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் கோவிலுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கோவிலைச் சுற்றிப் பார்த்து, பரந்த புல்வெளியில் சற்று நேரம் உட்கார்ந்து எழுந்து, காருக்குத் திரும்புகிறார்கள். சட்டைப் பையில் சாவி இல்லை. புல்வெளியில் தேடியும் அகப்படவில்லை. நான்கு கதவுகளும் பூட்டியிருக்கின்றன.

நம் ஊரில் இப்படி ஒரு கார் நின்றால் யோசனை சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை.

“ஒரு கம்பி கொண்டாங்கண்ணே, கண்ணாடி இடுக்குல விட்டுத் தூக்கிடலாம்” என்கிறார் ஒருவர்.

“எங்க மாமா கார்ச் சாவியைப் போட்டுப் பாருங்கண்ணே. அம்பாசிடருக்கு எந்தச் சாவியும் பொருந்தும்” என்கிறார் இன்னொருவர்.

“எதுக்கு வம்பு? கண்ணாடியை உடைச்சிடுங்க” என்கிறார் மூன்றாமவர்.

இந்த மூன்று யோசனைகளில் எது சரி? மூன்றின் பின்னும் ஓர் அறிவியல் உண்மை இருக்கிறது. ஆனால் எந்த நேரத்தில் எதைக் கையாள்வது என்பதைப் பூட்டின் உட்புறம் தெரிந்தவரே முடிவு செய்ய முடியும். ஆகவே முதலில் பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது?

திண்டுக்கல் பூட்டைப் பற்றி நாம் அனைவரும் அறிவோம். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டுக்குள் நெம்புகோல்கள் அடுக்கடுக்காக இருக்கும். சாவி அவற்றைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். வீட்டுக் கதவில் பதிக்கும் உருளைப் பூட்டு வேறு வகை. அதில் சிறு ஊசிகள் வரிசையாக நிற்கும். பண்டைய எகிப்தியரின் மரப் பூட்டில் இருந்த இந்தக் கருத்தை, தட்டையான சிறு சாவியால் திறக்கும்படி 1860களில் செம்மைப்படுத்தியவர் அமெரிக்கரான லைனஸ் யேல்.

பழைய கார்களின் கதவுகளில் பெரும்பாலும் இருப்பது மூன்றாவது வகை. இதைத் தகட்டுப் பூட்டு எனலாம். கைவிரல் பருமனுள்ள ஓர் உலோக உருளை, அதைவிடச் சற்றே பெரிய ஓர் உறைக்குள் பொருந்தியிருக்கிறது. உருளையில் குறுக்கே சில வெட்டுகள். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு மெல்லிய பித்தளைத் தகடு. தகட்டின் நடுவே ஒரு சிறு சன்னல். தகட்டை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்க ஒரு சுருள்வில்.

சாவி இல்லாதபோது சுருள்வில் தள்ளுவதால் தகடுகளின் முனைகள் உருளைக்கு வெளியே நீட்டி, உறையில் உள்ள பள்ளத்தில் மாட்டிக்கொள்கின்றன. உருளை திரும்பாது. சாவியைச் செருகினால் அது எல்லாத் தகடுகளின் சன்னல்களின் வழியாகவும் செல்கிறது. சாவியின் ஓரத்தில் உள்ள மேடும் பள்ளமும் ஒவ்வொரு தகட்டையும் ஒவ்வோர் அளவுக்கு நகர்த்துகின்றன. சரியான சாவியானால், எல்லாத் தகடுகளின் முனைகளும் ஒரே நேரத்தில் உருளையின் மேற்பரப்போடு சமமாக நிற்கும். அப்போது உருளை தடையின்றித் திரும்பும். ஒரே ஒரு தகடு அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலும் போதும், பூட்டு அசையாது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. சாவி என்பது வெறும் உலோகத் துண்டு அன்று. அது சில எண்களின் வரிசை. முதல் பள்ளத்தின் ஆழம் 2, அடுத்தது 4, அதற்கடுத்தது 1 என்று எழுதி வைத்தால் அந்த எண்களே சாவி. தொலைந்தது உலோகம், எண்கள் இருந்தால் சாவியை மீண்டும் செய்துகொள்ளலாம்.

மாமா கார்ச் சாவி பொருந்துமா?

இப்போது இரண்டாமவர் சொன்ன யோசனையை எடுத்துக்கொள்வோம். சிறு கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஒரு பூட்டில் 5 தகடுகள், ஒவ்வொரு தகட்டுக்கும் 4 வகை உயரங்கள் என்று கொள்வோம். அப்படியானால் செய்யக்கூடிய வெவ்வேறு சாவிகள் எத்தனை? 4 × 4 × 4 × 4 × 4, அதாவது 1,024. இந்தப் பூட்டை ஒரு லட்சம் கார்களில் பொருத்தினால் சராசரியாக ஒவ்வொரு சாவிக்கும் ஏறக்குறைய 98 கார்கள் திறக்கும்! அந்தக் கார்கள் நாடெங்கும் சிதறிக் கிடப்பதால்தான் இது நமக்குத் தெரிவதில்லை.

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் கார்கள் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை உற்பத்தியாயின. 1983இல் வந்த மாருதி 800 காரின் உற்பத்தியும் 2014இல்தான் நின்றது. அரை நூற்றாண்டு, கால் நூற்றாண்டு என்று ஓடிய வண்டிகளில் இன்னொரு மாற்றமும் நிகழ்கிறது. அதுதான் தேய்மானம். பல்லாயிரம் முறை சாவி உள்ளே சென்று வரும்போது தகட்டின் சன்னல் ஓரமும் சாவியின் மேடும் மழுங்குகின்றன. உருளைக்கும் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி கூடுகிறது. அரை மில்லிமீட்டர் பிசகையும் பொறுக்காத பூட்டு, முதுமையில் பொறுத்துக்கொள்கிறது. ஆகவே தேய்ந்த பூட்டில் தேய்ந்த வேறொரு சாவி திரும்பிவிடுவது உண்டு. “எந்தச் சாவியும் பொருந்தும்” என்ற பேச்சு இங்கிருந்துதான் பிறந்திருக்க வேண்டும். ஆனால் அது விதியன்று, தற்செயல். முரட்டுத்தனமாகத் திருகினால் பழைய சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்து, ஒரு துன்பம் இரண்டாகும்.

அரியலூர்ப் பகுதிக்கே உரிய ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளால் சாலையோரமெங்கும் வெண்புழுதி படிகிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தபோது படிந்த சுண்ணாம்பு அது. சுண்ணாம்புக்கல்லின் கடினத்தன்மை மோவின் அளவுகோலில் 3. பித்தளையும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகையால் சுண்ணாம்புத் தூள் பூட்டைப் பெரிதாகத் தேய்ப்பதில்லை. அதனோடு கலந்து வரும் மணலின் கடினத்தன்மை 7. பித்தளையை அராவுவது அதுதான். சுண்ணாம்புத் தூள் வேறொரு வகையில் தொல்லை தருகிறது. பூட்டு இறுகுகிறதே என்று நாம் எண்ணெய் விட்டால், தூளும் எண்ணெயும் குழைந்து பசையாகித் தகடுகளை ஒட்டவைத்துவிடும். பூட்டுக்கு ஏற்றது எண்ணெயைவிடக் கிராஃபைட் தூளே. பென்சிலின் கரிய குச்சியில் இருப்பதும் இதே பொருள்தான்.

கம்பி என்ன செய்கிறது?

இனி, முதலாமவரின் கம்பி. கதவைத் தாழிடுவது நாம் சாவியிடும் உருளை அன்று. தாழ் கதவின் ஓரத்தில் இருக்கிறது. உருளை திரும்பும்போது கதவுக்குள் மறைந்திருக்கும் ஒரு கம்பியை அசைக்கிறது. அந்தக் கம்பி தாழை விடுவிக்கிறது. கதவின் உட்புறம் நாம் அழுத்தும் குமிழும் இன்னொரு கம்பியால் அதே தாழோடு இணைந்திருக்கிறது. ஆக, தாழுக்குச் செல்ல இரண்டு வழிகள். ஒன்றைப் பூட்டு காக்கிறது. மற்றொன்றைக் காப்பது கண்ணாடியும் அதன் ஓரத்து ரப்பரும் மட்டுமே. பழகிய மெக்கானிக் பூட்டைத் தொடாமலே சில பழைய கார்களைத் திறப்பது இந்த இரண்டாம் வழியால்தான்.

ஆனால் அவர் எந்தக் காரில் எந்தக் கம்பி எங்கே ஓடுகிறது என்று அறிந்தவர். அறியாதவர் துழாவினால் ரப்பர் கிழியும். கம்பி கொக்கியிலிருந்து கழன்று விழும். பிறகு சாவி கிடைத்தாலும் கதவு திறக்காது. புதிய கார்களில் இந்த வேலையே கூடாது. கதவுக்குள் மின்கம்பிகள் ஓடுகின்றன. சிலவற்றில் பக்கவாட்டுக் காற்றுப்பைக்கான கருவிகளும் உள்ளன.

கம்பியைத் தேடும் முன் எளிய ஒன்றைச் செய்யலாம். நான்கு கதவுகளையும் டிக்கியையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். பழைய காரில் ஒரே விசையில் எல்லாக் கதவுகளும் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது. ஏதேனும் ஒரு குமிழை அழுத்த மறந்திருக்கக்கூடும்.

அரம் பேசும் மொழி

பேருந்து நிலையத்தை ஒட்டி, சாவிகளைக் கொத்தாகத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் சாவி செய்பவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூல சாவி இல்லாமலே அவர் புதுச் சாவி செய்வது எப்படி?

வெட்டப்படாத ஒரு பித்தளைச் சாவியைப் பூட்டில் செருகி மெல்லத் திருகுகிறார். எந்தத் தகடு வழிமறிக்கிறதோ, அது சாவியின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு தழும்பை விடுகிறது. சாவியை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, அந்த இடத்தில் மட்டும் அரத்தால் ஒரு தேய்ப்பு. மீண்டும் செருகல், மீண்டும் ஒரு தழும்பு. சரியான ஆழம் வந்ததும் அந்த இடத்தில் தழும்பு விழுவது நின்றுவிடும். இவ்வாறு எல்லா இடங்களும் அடங்கியதும் பூட்டு திரும்புகிறது. தன் எண்களைப் பூட்டே ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறது! சோதனை, உற்றுநோக்கல், திருத்தம் என்று ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் முறையும் இதுதான் அல்லவா?

இவர் வேலையில் பூட்டுக்கோ கண்ணாடிக்கோ சேதமில்லை. பொறுமை ஒன்றே செலவு. நேர்மையான தொழிலாளி முதலில் ஆர்.சி.யைக் கேட்பார். அது காருக்குள் இருந்தால், கதவு திறந்ததும் காட்டச் சொல்வார். கேட்டால் கோபிக்காதீர்கள். நம் காரைப் பிறர் திறக்காமல் காப்பதும் அந்தக் கேள்விதான்.

ஒரே ஒரு நேரம்

இதுவரை சொன்னவை காருக்குள் யாரும் இல்லாதபோது. உள்ளே ஒரு குழந்தை இருந்தால்? தூங்கும் குழந்தையை விட்டு இறங்கி, சாவியையும் உள்ளேயே வைத்து, குமிழ் அழுந்தியிருப்பதைக் கவனியாமல் கதவைச் சாத்திவிடும் தவறு யாருக்கும் நேரலாம்.

அப்போது கணக்கே மாறிவிடுகிறது. வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே சென்று இருக்கைகளைச் சூடாக்குகிறது. அவை வெளியிடும் வெப்பக் கதிர்களைக் கண்ணாடி எளிதில் வெளியே விடுவதில்லை. சூடான காற்றுக்கும் வெளியேற வழியில்லை. 2005ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்வதைக் காட்டியது. அந்த உயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிக்குள்ளேயே ஏற்பட்டுவிட்டது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்ததாலும் பெரிய பயன் இல்லை. வெளியே 38 டிகிரி உள்ள நாளில் இதே கணக்கைப் போட்டால், அரை மணியில் உள்ளே 55 டிகிரியைத் தாண்டும். குழந்தையின் உடலோ பெரியவர்களின் உடலைவிட 3 முதல் 5 மடங்கு விரைவாகச் சூடேறக்கூடியது.

கம்பியும் அரமும் தேட அங்கே நேரமில்லை. மூன்றாமவர் சொன்னதுதான் அப்போது சரி. குழந்தைக்குத் தொலைவில் உள்ள பக்கக் கண்ணாடியைத் தேர்ந்தெடுங்கள். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் வன்மையூட்டிய கண்ணாடி. அதை 600 டிகிரிக்கும் மேல் சூடாக்கி, காற்றைப் பாய்ச்சித் திடீரெனக் குளிர்விக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகுகிறது. உட்பகுதி பின்னர் குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பை அழுத்திப் பிடிக்கிறது. அதனால் நடுவே கையால் குத்தினால் தாங்கும். ஓரத்தில், மூலையருகே, கூர்மையான கடினப் பொருளால் அடித்தால் அந்த அழுத்தம் ஓரிடத்தில் குலைந்து, கண்ணாடி முழுவதும் சிறு சிறு துணுக்குகளாக உதிர்ந்துவிடும். கையில் துணி சுற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடிக்க வேண்டும். முன் கண்ணாடியை முயல வேண்டாம். இன்றைய கார்களில் அது இடையே நெகிழித்தாள் வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடி. விரிசல் விடுமே தவிர வழிவிடாது. ஒருவர் உடைக்கும்போதே இன்னொருவர் 108 அல்லது 112க்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

உள்ளே உயிர் இல்லையென்றால் கண்ணாடியை உடைப்பது வீண் செலவு. உற்பத்தி நின்றுபோன காருக்கு மாற்றுக் கண்ணாடி தேடி அலைய வேண்டியிருக்கும். உள்ளே உயிர் இருந்தால் அந்தக் காரிலேயே விலை குறைந்த பொருள் கண்ணாடிதான்.

நம் குடும்பத்துக்கு வருவோம். எல்லோரும் வெளியேதான் நிற்கிறார்கள். மர நிழலில் உட்கார்ந்து ஜெயங்கொண்டத்திலிருந்து சாவி செய்பவரை வரவழைப்பதே அவர்களுக்கு நல்லது. சாவி எங்கோ புல்லில் கிடப்பதால், ஊர் திரும்பியதும் பூட்டை மாற்றிவிடுவதும் நல்லது.

உங்கள் வீட்டில் பழைய கார் இருந்தால் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். சாவியை எடுத்துப் பாருங்கள். பல சாவிகளில் சிறிய எண் ஒன்று பொறித்திருக்கும். சில கார்களில் அது பூட்டின் மேல் இருக்கும். அந்த எண்ணை வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள். எண் இல்லையென்றால், சாவி தேய்ந்துபோகும் முன் ஒரு மாற்றுச் சாவி செய்து வீட்டில் வையுங்கள். இறங்கும்போது, சாவி கையில் இருக்கிறதா, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்த பிறகே கதவைச் சாத்துங்கள்.