விண்ணப்பக் கட்டுரையும் நமது வாலிபர்களும்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உள்ள அரசினர் கலைக் கல்லூரியில் சேர விரும்பும் மாணவனை, அவனுடைய வாழ்க்கை விருத்தாந்தத்தைச் சொல்லும்படி ஒருவரும் கேட்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கும் உரிய சான்றிதழ்களும் போதும். இன்ஜினீயரிங் படிப்புக்கும் 2007 முதல் மாநில நுழைவுப் பரீட்சை ஒழிந்து மார்க்கே அளவுகோலாயிற்று. இம்முறையில் குறைகள் உண்டு. ஆயினும் குடியானவன் மகனையும் வக்கீல் மகனையும் ஒரே படிக்கல்லால் நிறுக்கிறது.

நிற்க. இவ்வூர்ப் பிள்ளைகளும் இன்று சோனிபட் அசோகா பல்கலைக்கழகம் போன்ற தனியார் ஸ்தாபனங்களையும், அமெரிக்கக் கலாசாலைகளையும் நாடலாம். அங்கே மார்க்கு மாத்திரம் செல்லாது; தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்ட கலாசாலைகள் ஏற்கும் அமெரிக்கப் பொது விண்ணப்பத்தில் அது 250 வார்த்தைக்குக் குறையாமலும் 650க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். ஏழு வினாக்களில் ஒன்று, விரும்பிய விஷயத்தை எழுதலாம் என்று விட்டுவிடுகிறது. பதினேழு வயதுப் பிள்ளை திகைப்பது இங்கேதான்: எதை எழுதுவது?

இவ்வழக்கத்தின் பூர்வோத்தரத்தை நம்மவர் அறிவது நலம். 1920களில் ஹார்வர்டு தலைவர் லோவல், யூத மாணவர் தொகை பெருகுவதைக் கண்டு அதைக் குறைக்க வழி தேடினார். படிப்பு மட்டுமன்றிக் 'குணநலனும்' பார்க்கப்படும் என்ற ஏற்பாடு அப்போது வலுப்பெற்றது. தன்னைப் பற்றி எழுதச் சொல்லும் வழக்கம் வளர்ந்தது அந்த நிலத்திலேதான். ஆனால் காலத்தின் விசித்திரத்தைப் பாருங்கள். 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இனத்தைக் கருதி இடமளிக்கும் முறையைத் தள்ளிவிட்டது. எனினும் இனம் தன் வாழ்வை எவ்வாறு பாதித்தது என்று மாணவன் கட்டுரையில் எழுதலாம் என்றது. தள்ளுவதற்கு வைத்த சல்லடையே தள்ளப்பட்டவன் பேசும் சாளரமாயிற்று. ஆகவே விஷயத்தைத் தேர்வது அற்ப காரியமன்று.

இதில் மூன்று படுகுழிகள் உண்டு. முதலாவது, வறுமையைக் கடைவீதியில் விரிப்பது. வறுமை சமூகத்தின் குற்றமேயன்றிப் பிள்ளையின் குற்றமன்று. அதைச் சொல்ல வெட்கம் வேண்டாம், விற்கவும் வேண்டாம். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் விவசாயக் குடும்பத்தில் பிறந்த இராமசாமி ரெட்டியார் 1947இல் சென்னை மாகாணப் பிரதமரானார். இரக்கம் தேடி அவர் அவ்விடத்தை அடையவில்லை. இரண்டாவது, மகான்களைத் துதிப்பது. கலாமைப் பற்றி எழுதினால் படிப்பவன் கலாமை அறிவான், எழுதியவனை அறியான். மூன்றாவது, காசு கொடுத்தோ இயந்திரத்தைக் கொண்டோ எழுதுவிப்பது. அது பொய்க் கையெழுத்து.

பின் எதை எழுதுவது? விஷயம் நம் மண்ணிலேயே கிடக்கிறது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் மணிலா ரகங்கள் ஊர்ப்பெயரைச் சுருக்கி டி.எம்.வி. என்றே வழங்குகின்றன. விதைக்கு மல்லாட்டை உடைத்த பெண், எவ்விதை முளைக்கவில்லை, ஏன் என்று யோசித்திருந்தால் அதுவே கட்டுரை. மரக்காணம் உப்பளத்தில் தந்தைக்குத் துணைநின்றவனுக்கும் விஷயம் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரு நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அவ்வெள்ளத்தைப் பற்றி ஆயிரம் பேர் எழுதலாம். முகாமில் அரிசிக் கணக்கு வைத்து, பங்கீட்டில் யாருக்குக் குறைந்தது என்று கண்டவன் எழுதுவதை வேறொருவன் எழுத முடியாது. நிகழ்ச்சி ஊருக்குப் பொது. செய்கையும் சிந்தனையும் அவனுக்கே சொந்தம்.

இரண்டு சோதனைகள் போதும். பெயரை மறைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பையன் இதன்கீழ்க் கையெழுத்திடலாமா என்று பாருங்கள். இடலாமெனில் அவ்விஷயத்தைக் கைவிடுக. பிறகு அதைத் தமிழில் தாய்க்குச் சொல்லிக் காட்டுக. "அப்படி நடக்கவில்லையே, அப்பா" என்று அவள் சொன்னால், எந்த ஆங்கில அலங்காரமும் அதைக் காப்பாற்றாது.

பட்டணத்துச் செல்வர் இக்கட்டுரைக்கென ஆலோசகர்களை அமர்த்துகின்றனர். நம் பிள்ளைகளுக்கு யார் உளர்? 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் இப்பயிற்சிக்கும் இடம் வேண்டும். அதுவரை தேசத்தொண்டர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு மாலை ஊர் நூலகத்தில் நாலு பிள்ளைகளுடன் உட்கார்ந்து, "நீ என்ன செய்தாய், அதிலிருந்து என்ன எண்ணினாய்?" என்று கேளுங்கள். இதுவரை எவரும் அவர்களைக் கேட்டறியாத கேள்வி அது. பதில் சொல்லப் பழகிய பிள்ளை, கலாசாலையில் இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பிறகு எந்தச் சபையிலும் வாயடைத்து நிற்கமாட்டான்.